செம்மையும் ஒவ்வாமையும்: சுவீடனின் ஸ்ட்ரோபெரி நாட்டிலே

சுவீடன் என்றவுடன் உறைபனியும் முடிவில்லாத இரவுமே நம்மிற் பலருடைய நினைவுக்கு வரும். ஆனால் ஆனி மாதத்திலே அந்நாட்டின் தென்கோடியிலுள்ள ஸ்கோனே மாகாணத்துக்குச் செல்பவர் முற்றிலும் வேறான ஒரு நாட்டைக் காண்பர். அக்காலத்தில் அங்கே சூரியன் காலை நாலரை மணியளவில் எழுந்து, இரவு பத்து மணியளவிலேதான் மறைகிறான். மறைந்த பின்னரும் வடவானில் மெல்லொளி எஞ்சி நிற்கிறது. அலை போலத் தாழ்ந்தும் உயர்ந்தும் செல்லும் வயல்களும், அவற்றிடையே வெண்சுவர் கொண்ட தேவாலயங்களும், பண்ணை வீடுகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன.

1658ஆம் ஆண்டு வரையில் இம்மாகாணம் டென்மார்க் அரசுக்கு உரியதாயிருந்தது. இன்றும் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனே இதற்கு அண்மையிலுள்ள பெருநகரம். இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள நீரிணையைக் கடக்கும் பாலம் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கோப்பன்ஹேகன் விமான நிலையத்திலே புகைவண்டி ஏறுபவர் அப்பாலத்தைக் கடந்து, மல்மோ நகரத்தின் ஊடாக, ஒரு மணி நேரத்துக்குள் லுண்ட் என்னும் பழைய நகரை அடைந்துவிடலாம்.

லுண்ட் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் பல்கலைக்கழகம் 1666இல் நிறுவப்பெற்றது. நகரின் நடுவே நிற்கும் இரட்டைக் கோபுரப் பேராலயத்தின் தலைமைப் பீடம் 1145இல் திருநிலைப்படுத்தப்பட்டதென்பர். ஞாயிறு திங்களின் நிலையைக் காட்டும் பழைய வானியற் கடிகாரம் ஒன்று அவ்வாலயத்துள் இருக்கிறது. அது இசைக்கும் வேளையிலே அதிலுள்ள சிறு பொம்மைகள் வரிசையாக வெளிவந்து வணங்கிச் செல்வதைக் காணச் சிறுவர்கள் கூடிவிடுகிறார்கள். தாவரங்களுக்கு ஈருறுப்புப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1727இல் மாணவராக வந்து சேர்ந்ததும் இந்நகருக்கே. உயிரியல் கற்பிக்கும் எனக்கு அந்நகரத் தெருக்களில் நடப்பதே ஒரு யாத்திரையாயிருந்தது.

ஆயினும் இக்கட்டுரையில் நான் எழுத விரும்புவது ஆலயத்தைப் பற்றியோ கடிகாரத்தைப் பற்றியோ அன்று. அந்நாட்டுத் தெருவோரங்களிலே சிறு மேசையிட்டு விற்கப்படும் ஒரு செந்நிறப் பழத்தைப் பற்றியே.

கோடை விழாவின் பழம்

நமக்கு மாம்பழம் எப்படியோ, சுவீடன் மக்களுக்கு ஸ்ட்ரோபெரி அப்படி. அதனை அவர்கள் நிறுத்து விற்பதிலும் லீற்றர் அளவில் அளந்து விற்பதே பெரும்பான்மை. ஆனி மாத நடுப்பகுதியில், 19ஆம் திகதிக்கும் 25ஆம் திகதிக்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையன்று, நடுக்கோடை விழாவின் முன்னாள் கொண்டாடப்படுகிறது. அன்று இலையும் மலரும் சூட்டிய கம்பத்தை நாட்டி, முதியவரும் சிறுவரும் கைகோத்துச் சுற்றி ஆடுவர். தவளையைப் போலத் துள்ளி ஆடும் ஒரு வேடிக்கை ஆட்டமும் உண்டு. உணவு மேசையிலே ஊறவைத்த ஹெரிங் மீனும், புதிதாகக் கிண்டிய உருளைக்கிழங்கும் இடம்பெறும். இறுதியாகப் பாலாடையுடன் ஸ்ட்ரோபெரி வரும். பொங்கலுக்குப் புத்தரிசி போல, அது இல்லாவிட்டால் விழா நிறைவெய்தாது.

என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்ற மாணவர் ஒருவர் லுண்ட் நகரின் புறத்தே குடும்பத்துடன் வாழ்கிறார். அவருடைய அழைப்பின்பேரிலேயே நான் அங்கு சென்றிருந்தேன். நடுக்கோடை விழாவன்று அயல்வீட்டார் பலர் அவருடைய முற்றத்தில் ஒன்றுகூடினர். எல்லாப் பிள்ளைகளின் கிண்ணத்திலும் பழம் நிறைந்திருக்க, அவருடைய ஒன்பது வயது மகளின் கிண்ணத்தில் வெறும் பாலாடை மட்டுமே இருந்ததைக் கவனித்தேன்.

"இவளுக்கு இந்தப் பழம் ஒத்துவராது, சேர். திண்டவுடனே வாய் கடிக்குது எண்டு சொல்லுவாள். போன வருசம் உதடும் வீங்கிப்போச்சு" என்றார் தந்தை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகளுடன் தங்கியிருக்கும் அம்மம்மாவுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. "நாங்கள் சின்னனில எத்தினை மாம்பழம் திண்டனாங்கள்! ஒரு கடியும் வரேல்லை. இது செல்லங் குடுத்து வந்த கடி" என்று அவர் கூற, சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வேளையில் அயல்வீட்டுச் சுவீடன் பெண்மணி ஒருவர் சிறு பெட்டியொன்றைக் கொண்டுவந்து சிறுமியின் முன்னே வைத்தார். அதனுள்ளே இருந்தவை வெண்ணிற ஸ்ட்ரோபெரிப் பழங்கள். வெண்சதையின் மேல் விதைகள் மாத்திரம் செம்புள்ளிகளாகத் தெரிந்தன. வெள்ளைப் பழம் ஒவ்வாமை தராது என்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தாரே கண்டிருக்கிறார்கள் என்று அவர் அன்புடன் கூறினார். அம்மம்மாவும் அதை ஏற்றுக்கொண்டார். "சிவப்புப் பழந்தானே கிரந்தி. வெள்ளைக்கு என்ன?" என்பது அவருடைய தீர்ப்பு.

தந்தை என்னைப் பார்த்தார். "சேர், நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பிச்சனீங்கள். சொல்லுங்கோ, குடுக்கலாமோ?"

சிறுமியின் கை ஏற்கெனவே பெட்டியை நோக்கி நீண்டிருந்தது. "இப்போது வேண்டாம்" என்று கூறி அதனைத் தடுத்தேன். அதற்கான காரணத்தை அன்று மாலை அக்குடும்பத்தாருக்கு விளக்கியது போலவே ஈண்டு வாசகர்களுக்கும் கூற விழைகின்றேன்.

மரத்தின் மகரந்தமும் பழத்தின் புரதமும்

கதை பழத்திலே தொடங்கவில்லை, மரத்திலே தொடங்குகிறது. அவ்வீட்டின் வேலிக்கு அப்பால் வெண்பட்டையுடைய மரங்கள் சில நின்றன. நம் முன்னோர் இமயமலைப் பக்கத்துப் பூர்ச்ச மரத்தின் பட்டையில் ஏடெழுதினார்கள் என்று வடமொழி நூல்களால் அறிகிறோம். அதே சாதியைச் சேர்ந்த மரமே வட ஐரோப்பா எங்கும் வளர்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் அதன் தொங்கும் பூங்கதிர்கள் காற்றிலே மகரந்தத்தைத் தூவுகின்றன. ஒரு கதிரிலிருந்தே பல இலட்சம் மணிகள் பறக்கும். அக்காலத்தில் தும்மலும் கண்ணரிப்பும் அந்நாட்டு மக்களுட் பலரை வருத்துகின்றன.

அம்மகரந்தத்தில் உள்ள ஒரு புரதமே இத்தொல்லைக்கு முதற்காரணம். சிலருடைய உடல் அப்புரதத்தைப் பகைவன் என்று தவறாகக் கருதி, அதனை அடையாளங் காணும் பிறபொருளெதிரிகளை ஆக்கிவைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரோபெரிப் பழத்திலோ அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ அதே உருவமுடைய வேறொரு புரதம் இருக்கிறது. அண்ணனின் முகத்தை மனத்திற் பதித்துக்கொண்ட காவலாளி, தம்பி படலையைத் திறந்ததும் கூக்குரலிடுவது போல, உடலானது பழத்தின் புரதத்தைக் கண்டு மகரந்தம் வந்ததென்று கிளர்ந்தெழுகிறது. அதன் பயனே வாயரிப்பும் உதட்டு வீக்கமும். அப்பிள், செரி, ஹேசல் கொட்டை, கரட் முதலியவற்றிலும் இக்குடும்பத்துப் புரதங்கள் உள்ளன.

மாணவர்களுக்காக இவற்றின் பெயர்களையும் கூறுதல் தகும். ஒவ்வாமை தரும் புரதங்களுக்குப் பெயரிடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. தாவரத்தின் சாதிப் பெயரிலிருந்து இலத்தீன் எழுத்து மூன்றையும், இனப் பெயரிலிருந்து ஓரெழுத்தையும் எடுத்து, வரிசை எண்ணைச் சேர்ப்பார்கள். பெட்டுலா வெருக்கோசா என்னும் பூர்ச்ச மரத்துப் புரதம் "பெட் வி 1" எனவும், பிரகாரியா அனனாசா என்னும் ஸ்ட்ரோபெரியின் புரதம் "பிரா ஏ 1" எனவும் வழங்குகின்றன. பெட்டுலா, பிரகாரியா என்னும் இரண்டு சாதிகளையும் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தமது பெருநூலிற் சேர்த்திருந்தார். காட்டு ஸ்ட்ரோபெரியைத் தமது கீல்வாத நோய்க்கு மருந்தாக உண்டு பயன்பெற்றதாகவும் அவர் கருதினார். ஒருவருக்கு மருந்தாய்த் தோன்றிய பழம் மற்றொருவருக்கு நோயாதல் விந்தையன்றோ!

எனவே அச்சிறுமியின் வாய்க்கடி செல்லத்தால் வந்ததன்று. அம்மம்மா வளர்ந்த ஊரில் அம்மரம் இல்லை. பேத்தியோ பிறந்த நாள் முதல் அதன் மகரந்தத்தைச் சுவாசித்து வளர்ந்தவள். ஊர் மாறினால் காற்று மாறும். காற்று மாறினால் உடலின் அனுபவமும் மாறும். இதனை நான் எடுத்துக் கூறியபோது அம்மம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு பேத்தியைத் தம் அருகே அழைத்து இருத்திக்கொண்டார்.

நிறத்தின் பட்டறை

இனி வெள்ளைப் பழத்தின் செய்திக்கு வருவோம். அயல்வீட்டுப் பெண்மணி கூறியது வெறும் கட்டுக்கதையன்று. ஸ்ட்ரோபெரியிலுள்ள இப்புரதத்தைப் பூர்ச்ச மகரந்தப் புரதத்தின் உறவாக இனங்கண்டு 2004ஆம் ஆண்டில் அறிவித்த ஆய்வில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் ஈடுபட்டிருந்தனர். ஒவ்வாமையுடையோர் சிலர் தீங்கின்றி உண்ணக்கூடியதாக அறியப்பட்ட வெண்பழ இரகம் ஒன்று உண்டு. அதனைச் செம்பழங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அந்த வெண்பழத்தில் ஒவ்வாமைப் புரதம் ஏறத்தாழ இல்லையென்றே கூறும் அளவுக்குக் குறைந்திருந்தது. அதனோடு, நிறப்பொருளை ஆக்கும் நொதியங்கள் பலவும் குறைந்திருந்தன. நிறமும் புரதமும் ஒருங்கே மறைந்தது தற்செயலோ, அன்றி இரண்டுக்கும் உறவு உண்டோ என்ற கேள்வி எழுந்தது.

ஸ்ட்ரோபெரியின் செம்மைக்குக் காரணம் அந்தோசயனின் வகையைச் சேர்ந்த நிறப்பொருள். பெலர்கொனிடின் என்னும் பொருளோடு குளுக்கோசு இணைந்த ஒன்றே அதிற் பெரும்பங்கு. பினைலலனீன் என்னும் அமினோ அமிலத்தில் தொடங்கி, படிப்படியாகப் பல மாற்றங்களுக்குப் பின்னரே அது உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதியம் தொழில் புரிகிறது. பொன் உருக்குபவர், தகடடிப்பவர், கல் பதிப்பவர், மெருகிடுபவர் எனப் பல கைகள் மாறி நகை உருவாகும் தட்டார் பட்டறையை ஒத்தது இது.

அப்பட்டறையில் ஒவ்வாமைப் புரதத்துக்கு என்ன வேலை? ஜேர்மனியின் முனிச் நகரத்து ஆய்வாளரும் ஸ்பெயின் நாட்டு மாலகா ஆய்வாளரும் இதனை ஆராய்ந்தனர். இப்புரதத்துக்குரிய பரம்பரையலகுகளைப் பழத்தினுள்ளே செயலடங்கச் செய்தபோது, பழம் சிவக்காமல் வெளிறியது என்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. நிறப்பொருள் மட்டுமன்றி, அதற்கு முந்திய படிகளில் உண்டாகும் பொருள்களும் குறைந்துபோயின. 2013இல் வெளியான ஆய்வு இப்புரதங்களின் உருவத்தைப் பளிங்காக்கி நோக்கியது. புரதத்தின் நடுவே ஒரு குழிவு உண்டு என்பதும், கற்றெக்கின் முதலான பிளேவனொயிட்டுப் பொருள்கள் அதனுடன் பிணையக்கூடியன என்பதும் தெளிவாயின. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை ஏந்திச் செல்லும் கிண்ணம் போல இது தொழிற்படுவதாகக் கருத இடமுண்டு.

இங்கே ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். செந்நிறப்பொருள் ஒவ்வாமையைத் தருவதில்லை. ஒவ்வாமை தரும் புரதம் செந்நிறமுடையதுமன்று. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஆனால் ஒரே பட்டறையைச் சேர்ந்தவை. நம்மைக் கவரும் செம்மை உருவாவதற்குத் துணை நிற்கும் புரதமே சிலருடைய உடலை வருத்துகிறது என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

வெண்மை எல்லாம் ஒரு தன்மையவோ?

அப்படியாயின் வெள்ளைப் பழத்தை ஏன் தடுத்தேன்? பட்டறையின் தொழில் பல காரணங்களால் நின்றுபோகலாம். கிண்ணம் இல்லாமையாலும் நிற்கும். தொழிலை ஏவும் தலைவன் இல்லாமையாலும் நிற்கும். கடைசியில் மெருகிடுபவன் வராமையாலும் நிற்கும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு நகை வரவில்லை என்பது மாத்திரமே தெரியும். வெண்பழங்கள் பலவற்றில், நிறத்தொழிலை ஏவும் ஒரு பரம்பரையலகில் நேர்ந்த மாற்றமே வெண்மைக்குக் காரணமென்று அறியப்பட்டுள்ளது. அவற்றில் ஒவ்வாமைப் புரதம் குறைந்தே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. வெண்பழ வகைகள் பலவற்றை முனிச் ஆய்வாளர் அளந்து பார்த்து, வெண்மை ஒன்றையே கொண்டு ஒரு பழத்தை ஒவ்வாமை குறைந்ததெனக் கொள்ளலாகாது என்று 2017இல் அறிவித்தனர். 2006இல் ஆராயப்பட்ட இரகத்துக்குப் பொருந்திய முடிவு, அயல்வீட்டார் கடையில் வாங்கிய இரகத்துக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி ஏது?

வெண்பழம் புதுமையானதும் அன்று. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பழங்குடியினர் வெளிறிய நிறமுடைய பெரிய ஸ்ட்ரோபெரியை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். பிரெசியே என்னும் பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர், கொன்செப்சியோன் நகருக்கு அண்மையில் கண்ட அச்செடிகளைத் தம் கப்பலில் ஏற்றி 1714இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். நீண்ட கடற்பயணத்தில் ஐந்து செடிகளே பிழைத்தன. அவை வட அமெரிக்காவிலிருந்து முன்னரே வந்திருந்த செந்நிறச் சிறுபழ இனத்துடன் ஐரோப்பியத் தோட்டங்களிலே கலந்தன. அக்கலப்பின் வழிவந்ததே இன்று உலகெங்கும் உண்ணப்படும் ஸ்ட்ரோபெரி. டியுஷேன் என்னும் இளைஞர் 1766இல் அதன் பிறப்பை விளக்கினார். ஆகவே செம்பழத்தின் மரபிலேயே வெண்மையும் கலந்திருக்கிறது.

எனது விடையைக் கேட்ட தந்தை, வெண்பழப் பெட்டியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியுள் வைத்தார். ஒவ்வாமை மருத்துவரைக் கண்டு, அவருடைய கண்காணிப்பில் பரீட்சித்த பின்னரே பிள்ளைக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இத்தகைய பரீட்சைகளுக்கு அங்கே தக்க ஒழுங்குகள் உள்ளன.

எனினும் அன்று சிறுமி முற்றாக ஏமாற்றமடையவில்லை. பிரா ஏ 1 புரதம் வெப்பத்தால் உருக்குலையும் இயல்புடையது. அதனால் பூர்ச்ச ஒவ்வாமையுடைய பலர், பச்சையாக உண்ண முடியாத பழத்தை நன்கு வேகவைத்தால் உண்ண இயலும். இவளுக்கு வேகவைத்த பழம் ஒத்துக்கொள்வதை மருத்துவர் முன்பே பரீட்சித்து அனுமதித்திருந்தார். அம்மம்மா எழுந்து சென்று, மேசையில் எஞ்சிய செம்பழங்களைச் சீனியுடன் அடுப்பேற்றினார். இரவு ஒன்பது மணி வெயிலில் அந்த மணம் முற்றமெங்கும் பரந்தது.

நமக்கும் உரியது

இது சுவீடன் நாட்டுக் கதையாயிற்றே, நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாகாது. நுவரெலியாவின் குளிர்நிலத்திலே ஸ்ட்ரோபெரி பயிராகிறது. விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆசையுடன் வாங்கிக் கொடுக்கின்றன. பூர்ச்சக் காடுகள் நம் நாட்டில் இல்லையாதலால் மகரந்தத்தின் வழியாக வரும் இவ்வகை ஒவ்வாமை நம்மிடையே பெரிதன்று. ஆயினும் ஸ்ட்ரோபெரியில் ஒவ்வாமை தரும் வேறு புரதங்களும் உள. அவற்றுள் வெப்பத்துக்கு எளிதில் அழியாததும் உண்டு. ஆதலால் வேகவைத்தாற் போதும் என்ற விதியும் எல்லோருக்கும் பொருந்தாது. இறால், நண்டு, கச்சான் முதலியன சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவதை நாம் நன்கறிவோம்.

கத்தரிக்காய் கிரந்தி, நண்டு கிரந்தி என்று நம் முதியோர் வகுத்துவைத்த பட்டியல் நெடுங்கால அனுபவத்தில் விளைந்தது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால் அப்பட்டியலில் இல்லாத ஒன்றும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடும். உணவு உண்டவுடன் வாய் கடிக்கிறதென்று பிள்ளை கூறினால், அதைப் பிடிவாதமென்று தள்ளாமல், உண்டது எது, எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது என்பவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். உதடு வீங்குதல், மூச்சுத் திணறுதல், தலைசுற்றி மயங்குதல் ஆகியன தோன்றினால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நிறத்தைப் பார்த்தோ, அயலார் சொல்லைக் கேட்டோ வீட்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். பழத்தின் உள்ளே நடப்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிள்ளையின் உடலில் நடப்பதை முதலில் அறிவது அப்பிள்ளையே.